ஆயுள் மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் பலன் கூடுமா?

கேள்வி: எனக்கு 63 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வாரம் நான்கு நாள் ஜிம்மில் எடை தூக்குகிறேன். இதோடு ராபமைசின் என்ற மருந்தும் எடுத்தால் மூன்றின் பலனும் கூடி ஆயுள் நீளும் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: ராபமைசின் வெறும் புரளி இல்லை. 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 600 நாள் வயதான கிழட்டு எலிகளுக்குக் கொடுத்தும் ஆயுள் நீண்டது: பெண் எலிகளுக்கு 14 சதவீதம், ஆண் எலிகளுக்கு 9. ஆனால் உங்கள் நண்பர் போடும் கூட்டல் எலியிலேயே எப்போதும் பலிப்பதில்லை.

வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்யாதபடி மரபணு மாற்றிய குள்ள எலிகள் இயல்பாகவே நெடுநாள் வாழும். சாதாரண எலிகளுக்குத் தீனியைக் குறைத்தாலும் ஆயுள் நீளும். ஆனால் இந்தக் குள்ள எலிகளுக்குத் தீனியை 30 சதவீதம் குறைத்தும் ஆயுள் பெரிதாகக் கூடவில்லை. இரண்டு வழியும் ஒரே இடத்தைத் தொட்டால், ஏற்கெனவே மூடிய குழாயை இன்னொரு தடவை திருகுவது போலத்தான். இரண்டும் வெவ்வேறு இடத்தைத் தொட்டால் கதை வேறு. ஜெர்மனியின் கொலோன் நகரில் ராபமைசினையும் டிராமெடினிப் என்ற புற்றுநோய் மருந்தையும் எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். 2025-இல் வந்த முடிவுப்படி ஆயுள் சுமார் 30 சதவீதம் நீண்டது. தனித்தனியாக எதுவும் அவ்வளவு தரவில்லை. பழ ஈக்களில் இன்னொரு வேடிக்கை: ராபமைசின் ஏற்றிய கொழுப்பை லித்தியம் என்ற மனநல மருந்து இறக்கிவிட்டது.

இப்போது உங்கள் ஜிம்முக்கு வருவோம். சிக்கலே இங்கேதான். 65 வயது தாண்டிய, சர்க்கரை இல்லாதவர்களை 14 வாரம் எடைப்பயிற்சி செய்யவைத்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது. ராபமைசின் இன்னும் நேரடியாகக் குறுக்கே நிற்கும். எடை தூக்கியதும் ‘தசையைக் கட்டு’ என்ற உத்தரவு எம்டார் என்ற புரதம் வழியாகத்தான் போகிறது. ராபமைசின் அடக்குவது அதே புரதத்தை. போதாததற்கு அது ரத்தச் சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் ஏற்றக்கூடும், நோய் எதிர்ப்பைக் குறைக்கும். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது.

ஆகவே ராபமைசின் வேண்டாம். அதற்காக, தசை வளராதோ என்று மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. ஜிம்மையும் விடாதீர்கள், தசை குறைவாக வளர்ந்தாலும் வளரத்தான் செய்தது. தூக்கும் எடையை மாதாமாதம் குறித்துவையுங்கள். மூன்று நான்கு மாதமாகியும் அது நகரவில்லை என்றால், அந்தக் குறிப்போடு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.