விளக்கை அணைத்தும் ஓடும் மின்சாரம்

கேள்வி: மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற குறைக்கடத்தியின் ஒற்றை அடுக்கால் ஆன ஒளி உணரியில், விளக்கை அணைத்த பிறகும் மின்னோட்டம் நிற்காதாமே?

பதில்: ஆமாம், உடனே நிற்காது. அந்த அடுக்கின் தடிமன் சுமார் 0.65 நானோமீட்டர்தான், கிட்டத்தட்ட முழுக்க மேற்பரப்பு. ஒளி பட்டதும் எலக்ட்ரான்களும், அவை விட்டுச்செல்லும் காலியிடங்களான துளைகளும் பிரியும்; அந்தத் துளைகளில் சில படிகக் குறைகளிலோ, அடியிலுள்ள சிலிக்கன் ஆக்சைடு ஓரத்திலோ மாட்டிக்கொள்ள, ஜோடி கிடைக்காத எலக்ட்ரான்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் உணர்திறனை ஏற்றிவிடுவதும் இதே சிக்கல்தான், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது! 2013-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் ஒரு வாட் ஒளிக்கு 880 ஆம்பியர் மின்னோட்டம் என்ற உணர்திறன் வரை எட்டினார்கள். சரி, மின்னோட்டம் தணியச் சில நொடிகள் ஆகிறதே? அதற்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ‘கேட்’ முனையில் ஒரு குட்டி மின்னழுத்தத் துடிப்பு கொடுத்தார்கள், தேங்கிய மின்னூட்டம் சட்டென்று இறங்கிவிட்டது.