வராத விந்து எங்கே போகிறது?

வாசகர் கேள்விகளுக்கு யூராலஜி மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். 19 வயதிலிருந்து இன்சுலின் போடுகிறேன். திருமணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. ஒரு வருடமாக விந்து குறைந்துகொண்டே வந்து, இப்போது சுத்தமாக வருவதில்லை. விறைப்பு இருக்கிறது, உச்சமும் தெரிகிறது. மாதம் ஒருமுறை லாட்ஜுக்கு வந்து வைத்தியம் பார்க்கும் ஒருவர், "தாது வற்றிவிட்டது" என்று 18,000 ரூபாய்க்கு லேகியம் கொடுத்தார். மூன்று மாதம் சாப்பிட்டும் மாற்றமில்லை. வீட்டில் என் மனைவியைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையை யாரிடமும் சொல்ல முடியவில்லை டாக்டர்.

பதில்: தம்பி, முதலில் அந்த லேகியத்தை நிறுத்துங்கள். லேகியம் என்றாலே வெல்லமோ சர்க்கரையோ தேனோ சேர்த்துக் கிளறியதுதான். இன்சுலின் போடுகிற நீங்கள் மூன்று மாதம் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். இந்த வாரமே ஹெச்பிஏ1சி பரிசோதனை (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், விந்து வற்றியதாகத் தோன்றவில்லை. அது வழி மாறிச் சிறுநீர்ப்பைக்குள் போய்க்கொண்டிருக்கலாம். உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியிலுள்ள தசை இறுக மூடிக்கொள்ளும். அதனால்தான் விந்து முன்பக்கமாக வருகிறது. அந்தத் தசையை மூடச் சொல்லும் நரம்புகளைப் பல வருடச் சர்க்கரை நோய் கெடுத்துவிடும். கதவு திறந்தே கிடந்தால் விந்து பின்பக்கம் போய்விடும். அடுத்த முறை சிறுநீர் கழிக்கும்போது கலங்கலாக வெளியேறிவிடும். இதனால் உடம்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை. உறவுக்குப் பிறகு போகும் முதல் சிறுநீர் கலங்கலாக இருக்கிறதா என்று நீங்களே கவனித்திருக்கலாம்.

இதை உறுதிசெய்ய எளிய பரிசோதனை ஒன்று உண்டு. சிறுநீர் கழித்துவிட்டு, உச்சம் அடைந்தபின், அடுத்து வரும் சிறுநீரை ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். மைக்ராஸ்கோப்பில் விந்துவின் உயிரணுக்கள் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. தெரியாவிட்டால் விந்து உற்பத்தியாகிறதா, குழாயில் அடைப்பா என்று அடுத்ததாகப் பார்ப்போம்.

கெட்டுப்போன நரம்பு முழுவதும் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குழந்தைக்கு வழி இருக்கிறது. கழுத்துத் தசையை இறுக்கும் மாத்திரைகள் சிலருக்குப் பலன் தரும். அவை ரத்த அழுத்தத்தையும் இதயத்துடிப்பையும் பாதிக்கக்கூடியவை என்பதால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. மாத்திரை கேட்கவில்லை என்றால், சோடியம் பைகார்பனேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்து, அதிலிருந்தே உயிரணுக்களைப் பிரித்தெடுத்துச் சிகிச்சை செய்யலாம். அந்த உயிரணுவில் பிறக்கும் குழந்தையும் உங்கள் குழந்தைதான்.

நரம்பு இங்கே கெட்டிருந்தால் வேறு இடத்திலும் கெட்டிருக்கலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறதா, பாதம் மரத்துப்போகிறதா, சிறுநீர் முழுவதும் போகாத மாதிரி இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் விழித்திரையையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் மனைவி. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். மூன்று வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருக்கும் பேச்சுக்கு உங்கள் வாயால் பதில் வர வேண்டும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு நாங்கள் எழுதும் டாம்சுலோசின், சைலோடோசின் மாத்திரைகளும் இதே கழுத்துத் தசையைத் தளர்த்துபவைதான். விந்து குறையலாம், வராமலே போகலாம். சைலோடோசினில் இது இன்னும் அதிகம். பல வருடம் இதை நோயாளிகளிடம் சொல்லாமலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "இந்த வயதில் இதைப் போய் எப்படிப் பேசுவது" என்ற தயக்கம்தான். ஒரு முறை விவசாயி ஒருவர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டு, சிறுநீர் முற்றிலும் அடைத்து, நள்ளிரவில் டியூப் போடும் நிலையில் வந்தார். 62 வயதில் நானே சைலோடோசின் சாப்பிட ஆரம்பித்தேன். காரணம் தெரிந்த எனக்கே முதல் நாள் திக்கென்றது. இப்போது ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் எழுதுகிறேன். இந்த மாத்திரைகளால் வரும் மாற்றம், மருந்தை மாற்றினாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். அதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இப்படி ஆனால், பெரும்பாலும் அது அப்படியேதான் நிற்கும். அதனால் அறுவைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், 58 வயது. சென்ற மாதம் இரண்டு முறை விந்துவில் ரத்தம் கலந்து வந்தது. வலி இல்லை. புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை.

பதில்: ஐயா, விந்துவில் ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் 40 வயதைக் கடந்தவருக்கு வந்தால் பார்க்காமல் விடுவதும் இல்லை. உங்களுக்கு இரண்டு முறை வந்திருக்கிறது, போய்க் காட்டுங்கள்.

போகும்போது இவற்றைச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அண்மையில் புராஸ்டேட்டில் பயாப்ஸி (சோதனைக்காகத் துளி சதை) எடுத்தார்களா? எடுத்திருந்தால் சில வாரங்கள் ரத்தம் வருவது எதிர்பார்க்கக்கூடியதே. காசநோய் எப்போதாவது வந்ததா? நம் நாட்டில் இதைக் கேட்காமல் விடக் கூடாது, காசநோய் புராஸ்டேட்டையும் விந்துப் பையையும் தாக்கும். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா? ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தாலும் இப்படி வரலாம், அதையும் அளந்து பார்ப்பார்கள்.

ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்போம். ஒரு நிமிடம்கூட ஆகாது, கூச்சப்படாமல் ஒத்துழையுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும், புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து விந்து வெளியேறாமல் இருப்பது நல்லது. சிறுநீரில் கிருமி இருந்தால் பி.எஸ்.ஏ. பொய்யாக ஏறிக் காட்டும், அதைச் சரிசெய்து சில வாரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். சிறுநீரிலும் ரத்தம் தெரிந்தால் நாள் தள்ளாதீர்கள்.

கேள்வி: வயது 22, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறேன். விந்து சில நாள் கட்டியாகவும் சில நாள் தண்ணீராகவும் இருக்கிறது. 40 துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்கிறார்கள். நான் பலவீனமாகிவிட்டேனா?

பதில்: இல்லை தம்பி. ரத்தக் கணக்கு பொய். விந்துவில் பெரும்பகுதி விந்துப் பையிலும் புராஸ்டேட்டிலும் சுரக்கும் நீர், தினமும் ஊறுவது. வெளிவந்ததும் கட்டியாக இருக்கும், அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். பல நாள் இடைவெளி விட்டால் கெட்டியாகவும் லேசான மஞ்சளாகவும் வரும், அடிக்கடி என்றால் நீர்த்திருக்கும். விந்து போனால் உயிர் போகும் என்ற இந்த பயத்துக்கே 1960-இல் மனநல மருத்துவர் என்.என்.விக் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தார். அந்த அளவுக்கு நம் பையன்களை இது வதைத்திருக்கிறது. உடம்பு சோர்ந்தே இருந்தால் தூக்கத்தையும் மனக்கவலையையும் பற்றி ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது உயிரணு உற்பத்தியையே நிறுத்தும். மஞ்சளோடு நாற்றம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். விதையில் திடீரென்று கடும் வலி வந்தால் மட்டும் விடியும்வரை பொறுக்காதீர்கள். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், அறைத்தோழனை எழுப்பி அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.