மட்டக்களப்பில் இணையச் சட்டத்துக்கு வேலை இருக்கா?

கேள்வி: சட்டமாணிப் படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்துவிட்டேன். ஊடக, தொழில்நுட்பச் சட்டத்தைச் சிறப்புத் துறையாக எடுக்க ஆசை. "அதெல்லாம் கொழும்புக்குச் சரி, இங்க வாறது காணி வழக்குத்தான்" என்கிறார் மாமா. எடுக்கலாமா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, மாமா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள ஏலாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், காணி விற்பனை ஒப்பந்தத்தையும் மரணசாசனத்தையும் தன் 23ஆம் பிரிவில் வெளியே விட்டுவிட்டது. காணி உறுதி இன்னும் நொத்தாரிசிடம்தான். ஆனால் அதே காணி வழக்கில் "காசு கொடுத்தேன்" என்பதற்குக் கட்சிக்காரர் நீட்டுவது வட்ஸ்அப் செய்தியை. போலி முகநூல் கணக்கு, படத்தை வைத்து மிரட்டல், குழுவில் போட்ட அவதூறு என்று வருபவர்கள் கையிலும் ஒரு போன்தான் இருக்கும்.

சிறப்புத் துறை என்று சொன்னாலும், சட்டமாணியில் அது பெரும்பாலும் சில விருப்பப் பாடங்களும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்தான். தாராளமாக எடுங்கள். சான்றுச் சட்டத்தையும் அரசியலமைப்புச் சட்டத்தையும் மட்டும் ஒப்புக்குப் படித்துவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் சட்டம் பேச வருகிறவர்கள் வழுக்கி விழுவது சான்றுக் கட்டளைச் சட்டத்தில்தான்.

ஒரு ஸ்கிரீன்ஷொட்டையே எடுப்போம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி முன்வைப்பதென்றால், விசாரணைக்குக் குறித்த திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பரிசோதிக்க அனுமதி கேட்க அவர்களுக்கு 15 நாள் உண்டு. 2006ஆம் ஆண்டுச் சட்டமோ 21ஆம் பிரிவில் தனி வழி வைத்திருக்கிறது. தான் பொருந்தும் இடத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்கிறது அடுத்த பிரிவு. எந்த வழியில் போகிறோம் என்று முதலே தீர்மானிக்காமல் வழக்கன்று தாளை நீட்டினால் ஆட்சேபனை எழும்பும்.

அதற்கு முன்பே கெட்டுப்போகும் சான்றுகளும் உண்டு. படத்தை வெட்டியிருப்பார்கள். கணக்கின் பெயர் தெரியும், இணைப்பு முகவரி இருக்காது. பெயரை யாரும் மாற்றலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரம் போன்ற உள்விபரங்கள் கழன்றுவிடும். ஆகவே கட்சிக்காரருக்கு முதலில் சொல்ல வேண்டியது: மூலச் செய்தியை அழிக்காதீர்கள், போனை விற்காதீர்கள்.

அடுத்தது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம். தடைசெய்யப்பட்ட கூற்றால் பாதிக்கப்பட்டவர் மனுவும் சத்தியக் கடதாசியும் கொடுத்து நீதவான் நீதிமன்றத்தில் நிபந்தனைக் கட்டளை (அந்தக் கூற்று பரவுவதை நிறுத்தச் சொல்லும் உத்தரவு) கேட்கலாம் என்பதால், கொழும்புக்கு மட்டும் உரிய விடயம் என்று இதை ஒதுக்க முடியாது. படிக்கும் முறை ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த சட்டமூலம், அதன்மேல் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்மானம், நிறைவேறிய சட்டம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிரிவு பிரிவாக என்ன மாறியது என்று குறியுங்கள். அரசியலமைப்பின் 80(3) உறுப்புரைப்படி நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. அதனால் கருத்துச் சுதந்திர வாதமெல்லாம் சட்டமூலக் கட்டத்திலேயே குவிந்துகிடக்கும். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதிகாரிகள் அடிப்படை உரிமையை மீறினால், உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழிவிடும் 126ஆம் உறுப்புரை கைகொடுக்கும், அதற்கும் ஒரு மாதமே அவகாசம்.

தமிழில் வழக்கு நடக்கிற ஊர் என்பது உங்களுக்கு ஒரு பலம். மட்டக்களப்புப் பேச்சில் போட்ட பதிவு ஏச்சா பகிடியா என்பது மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும். மேன்முறையீட்டுக்குப் போகும்போது அதைச் சரியாகச் சொல்ல ஆள் வேண்டும். தீர்ப்புகளை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகுங்கள். சட்டங்களின் சிங்கள, தமிழ் உரைகள் முரண்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்று கடைசிப் பிரிவு சொல்வதால், சிங்களமும் ஓரளவு வேண்டும்.

ஆய்வுத் தலைப்பை ஒடுக்கமாக வையுங்கள். "சமூக ஊடகமும் சட்டமும்" வேண்டாம். "அம்பாறை மாவட்டத்தில் போலிக் கணக்கு முறைப்பாடுகள்" போதும். எண்ணிக்கையைப் பொலிஸாரிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தீர்மானத்துக்கு 14 வேலை நாட்கள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அவர் முடிவுக்கு 3 வாரம், பிறகு 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இழுபடக்கூடிய வேலை, ஆகவே கட்டுரை தொடங்கும் தவணைக்கு முதல் தவணையிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.