ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டால் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றாமல் சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். மேல்மரை மட்டும் நசுங்கியிருந்தால் பேக் டேப் (உள்ளிருந்து வெளியே வந்தபடி மரையைச் சீராக்கும் கருவி) போதும். அலுமினிய மரை உரிந்தே வந்துவிட்டால் இன்செர்ட்தான் (துளையில் புது மரை வெட்டி உள்ளே பொருத்தும் மரைத்துண்டு) வழி. கம்பிச்சுருளைவிட முழு உலோக புஷ்ஷையே தேர்ந்தெடுங்கள். சுருள் சிலசமயம் அடுத்த முறை பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும்.

பிளக் அளவுக்கேற்ற கிட் வாங்குங்கள்: பல கார்களில் 14 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி), புதியவற்றில் 12 மி.மீ.யும் உண்டு.

கிட்டில் உள்ள, மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் துகள் ஒட்டிக்கொள்ள கிரீஸை அப்பி, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று வெட்டுங்கள். அடிக்கடி வெளியே எடுத்துத் துடையுங்கள். டேப் சாய்ந்தால் பிளக் தன் சீட்டில் (அமரும் பரப்பில்) சமமாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும். சிலிண்டருக்குள் மிஞ்சிய உலோகத் துகளை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும்வரை இன்ஜினைச் சுழற்றவே கூடாது. சிலிண்டர் சுவர் கீறிவிடும்.

புஷ்ஷைப் பொருத்தியபின், புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் பொதுவாக 25–30 நியூட்டன் மீட்டர் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை). இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்.