மாமியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மாமிக்கு 72 வயது. பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இயங்காமல் போய், போன கிழமைதான் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பிரஷர் மெஷினும், விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மெஷினும் வாங்கி நாளைக்குப் பத்துத் தரம் பார்க்கிறேன். இடுப்புக்குக் கீழே கொஞ்சம் சிவந்திருக்கிறது, எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். வேறு என்ன பார்க்க வேண்டும்?
— ஒரு மருமகள், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, மெஷினை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அந்தச் சிவப்பைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளிறித் திரும்பச் சிவந்தால் தோல் இன்னும் தாங்குகிறது. அழுத்தியும் நிறம் மாறாவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. நம்முடைய தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுத்தோ ஊதாவாகவோதான் இருக்கும், அதனால் புறங்கையை வைத்துச் சூடாக இருக்கிறதா, தடித்து இறுகியிருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், உள்ளே நொந்த சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம், அது சுற்றிவர இரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்புங்கள், இரவிலும்தான். முழுதாகப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் பாரம் இடுப்பெலும்பில் விழும். முதுகுக்குப் பின்னால் தலையணையை அண்டக் கொடுத்து கொஞ்சம் சரித்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்றை வைத்தால் குதிக்கால் மெத்தையில் படாமல் நிற்கும். மேலே தூக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் விரிப்போடு சேர்த்துத் தூக்குங்கள், இழுத்தால் தோல் உரியும். இயங்காத கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். நம்முடைய ஊர் வெக்கைக்கு விரிப்பு வேர்வையில் நனைந்துகொண்டே இருக்கும், அதையும் மாற்ற வேண்டும்.

பிரஷரை ஐந்து நிமிடம் ஆறுதலாக இருக்கவைத்து, இயங்கும் கையில் எடுங்கள். டொக்டர் சொன்ன தரத்துக்கு மேல் வேண்டாம், அடிக்கடி பார்த்துப் பயப்படுவதுதான் மிச்சம். மூச்சை எண்ணுவதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மாமியிடம் சொல்லாமல், நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12இல் இருந்து 20 வரை சாதாரணம். 25ஐத் தாண்டி, கழுத்துச் சதை இழுபட மூச்சு வாங்கினால் விரல் மெஷின் என்ன காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாப்பாடு நிமிர்ந்து இருக்கும்போது மட்டும், சின்னக் கரண்டியால், நல்ல பக்கத்து வாய்க்குள். முடிந்தபின் இடக்கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றித் துடைத்துப் பாருங்கள், அங்கே சோறு ஒதுங்கிக் கிடக்கும், மாமிக்கே தெரியாது, பிறகு படுத்ததும் அது புரையேறும். அரை மணித்தியாலமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். தண்ணீர் குடித்த உடனே இருமினால், குரல் ஈரமாகக் கரகரத்தால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு கொப்பியில் நேரம், திருப்பிய பக்கம், மூச்சு, சலம் போன அளவு எல்லாம் எழுதுங்கள். நான் வாட்டில் வேலை செய்த காலத்தில், "இன்றைக்கு அம்மா ஒரு மாதிரி இருக்கிறா" என்று வீட்டு ஆட்கள் சொன்னால் உடனே எழும்பிப் போய்ப் பார்ப்பேன். தினமும் பார்க்கிறவர்களுக்குத்தான் அது முதலில் தெரியும். திடீர் மயக்கம், வாய் புதிதாகக் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் விடியட்டும் என்று இருக்காமல் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

கேள்வி: சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் வாப்பாவுக்குத் திடீரென்று குளிர்ந்த வேர்வை, நடுக்கம், தடுமாற்றம். என்ன கொடுப்பது?
— அக்கரைப்பற்று வாசகர்

பதில்: சீனி இறங்கியிருக்கலாம். விழுங்கக்கூடிய நிலை என்றால் மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள், 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், குறையாவிட்டால் இன்னொருமுறை, தெளிந்ததும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், பக்கவாட்டில் படுக்கவைத்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.