அம்மாவோட சம்பளம் என் எக்செல்ல ஒரு கட்டம்

வணக்கம் மிஸ்,

நான் கெம்பஸ்ல மூணாவது வருசம் ஃபினான்ஸ் படிக்கிறேன், ஊரு பொகவந்தலாவ பக்கம் ஒரு தோட்டம், அம்மா கொழுந்து எடுக்குறாங்க, அப்பா இல்ல, தங்கச்சி ஓ.எல். பரீட்ச எழுதப் போறா. 2025 ஜூன்ல இருந்து பத்து கெழம கொழும்புல ஒரு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் டீம்ல இன்டர்ன்ஷிப் செஞ்சேன். லெட்டர்ல சம்மர் இன்டர்ன்ஷிப்னு போட்டிருந்துச்சு, எங்க ஊர்ல ஜூன்னா படங்கக் கட்டிக்கிட்டு மழையில நனையுற காலம், அது வேற கதை.

அம்மா லயம் பூரா, அதான் எங்க தோட்டத்து லைன் வீடுங்க பூரா, "மகன் பேங்க்ல"ன்னு சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு மாமா போன் பண்ணி அடகு வச்ச செயினுக்கு வட்டி கொறைக்க முடியுமான்னு கேட்டாரு. இங்க காசே எண்ணுறதில்ல மாமா, கம்பனிய விக்கிறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் என்ன வெல போகும்னு கணக்குப் போட்டுக் குடுக்குறதுதான் வேலைன்னேன். "ஓ, தரகா"ன்னாரு. யோசிச்சுப் பாத்தா அது சரிதான்.

வேல காலைல எட்டரைக்குத் தொடங்கி ராத்திரி ஒரு மணி, சில நாள் ரெண்டு. பிட்ச் புக்ல, அதான் கஸ்டமருக்குக் காட்டுற ஸ்லைடுகள்ல, லோகோவெல்லாம் ஒரே கோட்டுல நிக்கணும், எழுத்து ஒரு சைஸ் மாறினாக்கூட ராத்திரி பன்னண்டுக்கு "ப்ளீஸ் ஃபிக்ஸ்"னு ரெண்டே வார்த்தையில மெயில் வரும். அதக்கூட தாங்கிக்கிட்டேன் மிஸ். மூணாவது கெழம ஒரு தேயிலை கம்பனியோட வெல்யுவேஷன் வந்துச்சு. எக்செல்ல ஒரு வரி, ஒரு நாள் சம்பளம் 1350, அதான் 2024 செப்டம்பர்ல கூட்டுனாங்களே அது. அது 1500 ஆனா, 1700 ஆனா கம்பனி பெறுமதி எவ்வளவு விழும்னு டேபிள் போடுறது என் வேல. சம்பளம் ஏற ஏற கட்டம் செவப்பாகும். பாத்துட்டு என் சீனியர் "இந்த செக்டர்ல லேபர்தான் தலைவலி"ன்னாரு. நான் தலையாட்டினேன். முதல் நாளே ஊர் எங்கன்னு கேட்டப்ப "நுவரெலியா பக்கம்"னு மட்டும் சொல்லி வச்சிருந்தேன், அவங்க எங்களுக்கு மரக்கறி யாவாரம்னு நெனச்சுக்கிட்டாங்க, நானும் திருத்தல.

அந்த ஃபைல்ல எல்லா மாசமும் ஆளுக்கு 25 நாள் வேலைன்னு போட்டிருந்துச்சு. அது சீனியர் குடுத்த நம்பர். எங்க தோட்டத்துல ஜனவரி பெப்ரவரி வெயில்ல கொழுந்தே இருக்காது, வேல நாள் பாதியாகும், போற நாள்லயும் கிலோ கொறஞ்சா அரைப்பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளந்தான். எனக்குத் தெரியும். ஆனா சொன்னா எப்படித் தெரியும்னு கேப்பாங்களே, வாயத் தொறக்கல. கடைசில மீட்டிங்ல அந்த கம்பனி ஆளு ஒருத்தர் "வறட்சி மாசத்துலயும் 25 நாளா?"ன்னு சிரிச்சாரு. சீனியர் பத்துப் பேர் முன்னாடி என் பக்கம் திரும்பி "செக் பண்ணலையா? கொமன் சென்ஸ் இல்லையா?"ன்னாரு. சொரி சேர்னு சொன்னேன்.

இப்ப வீட்ல இருக்கேன். மெயில் சத்தம் கேட்டா நெஞ்சு அடிக்குது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமில்ல. அம்மா ரொட்டி சுட்டுத் தர்றாங்க, அந்த வெரல்ல இருக்குற கொழுந்துக் கறைய பாத்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது. இதுக்கு நடுவுல படிச்சு முடிச்சதும் வேல தர்றோம்னு அவங்க மெயில் போட்டிருக்காங்க, பத்து நாள்ல பதில் சொல்லணும். போகவா வேணாமா மிஸ்? நான் துரோகியா?

— ஒரு மாணவன்

தம்பி,

மொதல்ல ஒடம்பு. பத்து கெழம ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்த ஒடம்பு ஊருக்கு வந்ததும் ஒன்பது மணிக்குத் தூங்காது, அந்த மெயில் சத்தத்த அது இன்னும் ஆபத்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு. போன்ல சத்தத்த நிப்பாட்டு, படுக்குற எடத்துல போன் வேணாம், எப்ப தூங்கினாலும் காலைல ஒரே நேரத்துக்கு எந்திரி, பின்னேரத்துக்குப் பொறகு பிளேன்டீ குடிக்காத (தேயிலை ஊர்ல இருந்துக்கிட்டு இதச் சொல்ல எனக்கே சிரிப்பு வருது). ரெண்டு மூணு கெழமைலயும் கொறையலன்னா ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போ. உயிர வெறுக்குற மாதிரி நெனப்பு வந்தா காத்திருக்காத, 1926 மனநல உதவி லைனுக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

துரோகியான்னு கேட்ட. அந்த டேபிள் துரோகம் இல்ல. 1992ல அரசாங்கம் தோட்டத்து நிர்வாகத்த கம்பனிகளுக்குக் குடுத்தப்பவும் யாரோ ஒருத்தர் இந்தக் கணக்கப் போட்டுத்தான் இருப்பாரு, அந்தக் கம்பனிகளுக்குத் தோட்டத்து மேல இருக்குற 53 வருசக் குத்தகை 2045ல முடியுதுங்கறதையும் உங்க ஃபைல்ல யாராவது ஒரு கட்டத்துல போட்டிருப்பீங்க. நாட்சம்பளம் எப்பவும் யாரோ ஒருத்தர் பேப்பர்ல ஒரு வரிதான். இந்தத் தடவ அந்த ரூம்ல அரைப்பேர்னா என்னன்னு தெரிஞ்ச ஒருத்தன் இருந்தான், அவன் வாயப் பொத்திக்கிட்டான். உனக்கு வலிக்கிறது அங்கதான்னு நான் நெனக்கிறேன். அங்க அந்த விசயம் தெரிஞ்ச ஒரே ஆள் நீ, தெரியலன்னு திட்டு வாங்கினதும் நீ. அந்த நம்பர் குடுத்தது அவரு, பாக்காம கஸ்டமர்கிட்ட கொண்டு போனதும் அவரு, பத்துப் பேர் முன்னாடி ஒரு இன்டர்ன் மேல தள்ளுனது அசிங்கம். அந்தப் பாரத்த நீ சுமக்காத.

மறைச்சதுக்கு நான் ஒன்னத் திட்ட மாட்டேன். நான் மொத வேலைக்கு கண்டிக்குப் போனப்ப அட்ரஸ்னு டவுன்ல ஒரு கடையோட அட்ரஸத்தான் எழுதிக் குடுத்தேன், ஏன்னா எங்க லயத்துக்கு அட்ரஸ் கெடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அத எழுத கை வரல. ரெண்டு வருசம் அந்தக் கடைக்காரர்கிட்ட போய் கடிதம் வாங்கினேன். அதனால நாளைக்கே ஆபீஸ்ல எந்திரிச்சு நின்னு பேச்சு குடுன்னு சொல்லல. கூட இன்டர்ன் செஞ்சதுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட தோட்டத்துப் பேரச் சொல்லு. ஒரு ஆளு போதும், அடுத்த ஆளு லேசு.

வேலைக்குப் பதில் இப்ப வேணாம். தூங்காத மண்ட "வேணாம்"னு சொன்னாலும் நம்பாத, "சரி"ன்னாலும் நம்பாத. இன்னும் ஒரு கெழம டைம் கேட்டு மரியாதையா ஒரு மெயில் போடு, அதுக்கே கோவப்படுற எடம்னா அதுவும் ஒரு தகவல்தான். கூடவே எந்த டீம், அதே சீனியர்தானான்னு கேளு. சம்பளத்துக்காகப் போறதும் தப்பில்ல, தங்கச்சி படிக்கணும். ஆனா அம்மாவுக்காகப் போறேன்னு நீயா முடிவு பண்ணிக்காத, அவங்ககிட்ட இன்னும் ஒரு வார்த்த கேக்கலையே நீ.

கம்பனி பேரு, ஃபைல் எதையும் காட்டாம ஒரு தாள்ல அந்த வரிய மட்டும் எழுதி அவங்ககிட்ட காட்டு. 1350, மாசம் 25 நாள். போன பெப்ரவரில எத்தன நாள் பேர் விழுந்துச்சும்மான்னு கேளு. அனேகமா சம்பளத் துண்டுகள எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு எங்கயாவது வச்சிருப்பாங்க. உக்காந்து ரெண்டு பேருமா எண்ணுங்க, அப்புறம் எனக்கு எழுது.