வாசகர் கேள்வி பதில்: வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்குத் துணை நிற்கும் வேலை

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) இறுதியாண்டு படிக்கிறேன். திருட்டு, அடிதடி வழக்குகளில் சிக்கும் சிறுவர்களோடு வேலை செய்ய விருப்பம். எங்கே தொடங்குவது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தொடங்குங்கள். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சலர்), புறத்தொடர்புப் பணியாளர் இடங்கள் அங்கேதான் உள்ளன. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம்தான். அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். சட்டம் படித்தவர்களுக்கு நன்னடத்தை அலுவலர் பணியும் உண்டு.

கேள்வி: சமூகப் புலனாய்வு அறிக்கையில் என்ன எழுத வேண்டும்? (வாசகர், சேலம்)

பதில்: வழக்கில் சிக்கிய சிறுவனின் குடும்பம், படிப்பு, சூழல் பற்றி விசாரித்து எழுதுவது இது. அவனது அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிப்பதே இந்த அறிக்கைதான். சிறுவர் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தர வேண்டும். படிப்பு எந்த வகுப்பில், எதனால் நின்றது? வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்? போதைப் பழக்கம் உண்டா? பெரியவர்கள் யாராவது அவனை ஏவிவிட்டார்களா? இவற்றை வீட்டுக்கே போய்க் கேளுங்கள். சாதாரண உடையில், போலீஸ் வண்டியில் ஏறாமல் போங்கள். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டால் அந்தக் குடும்பம் வாயே திறக்காது. தாயிடமும் மகனிடமும் தனித்தனியே பேசுங்கள்.

பல அறிக்கைகள் கெடுவது ஒரே இடத்தில்தான். ‘பெற்றோர் கண்காணிப்பு இல்லை’ என்று எல்லாப் பையன்களுக்கும் ஒரே வரியை எழுதிவிடுகிறார்கள். அதை வைத்துக் குழுமம் எதையும் முடிவு செய்ய இயலாது. ‘தாய்க்கு இரவு 10 மணி வரை மில் வேலை, மாலை 5 மணி முதல் பையன் தனியே இருக்கிறான்’ என்று எழுதினால், அந்த 5 மணி நேரத்துக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வி தானாக எழும். அங்கே உங்கள் பரிந்துரையை வையுங்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் அறிவுரை கூறி அனுப்புதல், குழு ஆற்றுப்படுத்தல், சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாம் இருக்கின்றன. குழுமத்தின் உத்தரவின்படி சிறுவர்களைத் தங்க வைக்கும் சிறப்பு இல்லம் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தெருப் பையன், 16 வயது, 9ஆம் வகுப்போடு நின்றவன். தனியாகச் செல்போன் திருடிச் சிக்கினான். இனி அரசு வேலையே கிடைக்காது என்கிறார்கள். நான் எப்படி உதவலாம்? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: அப்படிச் சொல்வது தவறு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, இத்தகைய குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது. பெரியவர்கள் கூட்டுச் சேராத சிறு குற்றங்களுக்கு முதல் தகவல் அறிக்கையே போடாமல், நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்தால் போதும் என்கின்றன இச்சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரத்தில் சந்தியுங்கள். பணம் கொடுக்காதீர்கள், உறவு அதையே சுற்றத் தொடங்கும். இரண்டு மாதத்தில் நிறுத்திவிடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம், ஏற்கெனவே பலர் கைவிட்ட பிள்ளை அவன். அவன் பெயரையும் படத்தையும் வாட்ஸ்ஆப் குழுவில்கூடப் போடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது 74ஆம் பிரிவின் கீழ் குற்றம்.

8ஆம் வகுப்புத் தேர்ச்சியே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்குப் போதும். சேர்க்கைக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்பார்கள். அதை வாங்கப் பழைய பள்ளிக்கு அவனைத் தனியே அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.